ரெனுவார் கையில் யாரும் பிரஷ்ஷைக் கட்டவில்லை

எக்ஸாம் சீசன் வந்தாலே நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல மோட்டிவேஷன் போஸ்ட்டுகள் வரிசை கட்டி வந்துடும். போன செமஸ்டர்ல வந்த ஒண்ணு இது: வெள்ளைத் தாடி வைத்த ஒரு தாத்தா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ரெண்டு கையிலும் துணி சுற்றியிருக்கு. விரல் வேலை செய்யாததால பிரஷ்ஷைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கிட்டு ஓவியம் வரைந்தவர் இவர், உனக்கெல்லாம் படிக்க என்ன கஷ்டம்னு கேட்கிற மாதிரி கீழே ஒரு வரி. நானும் ஒரு லைக் போட்டுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

செமஸ்டர் லீவுல அந்தத் தாத்தா யாருன்னு தேடிப் படிச்சேன். அப்பதான் தெரிஞ்சது, அந்தப் போஸ்ட்ல இருந்த முக்கியமான விஷயமே தப்பு. அவர் கையில் யாரும் பிரஷ்ஷைக் கட்டவில்லை. உண்மையில் நடந்தது இதை விட சுவாரசியமானது. குறிப்பா, ஒரு மெஷினைப் பிரிச்சுப் பார்க்கிற ஆசை உள்ள நமக்கு.

அவர் பெயர் பியர்-ஒகுஸ்த் ரெனுவார். பிரான்ஸ் நாட்டு ஓவியர். அவருக்கு இருந்த நோய் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழ்ல முடக்குவாதம்னு எழுதுவாங்க. ஊர்ப் பக்கம் பெரியவங்க சரவாங்கின்னு சொல்வாங்க. ஏறக்குறைய 27 வருஷம் அவர் அந்த நோயோட வாழ்ந்தார். அந்த 27 வருஷமும் வரைந்தார்.

மெஷின் வேலையைப் பறித்த பையன்

1841 பிப்ரவரி 25-ல் லிமோஜ் என்ற ஊரில் ரெனுவார் பிறந்தார். அப்பா தையல்காரர், அம்மாவும் துணி தைப்பவர். பிள்ளைக்கு மூணு வயசு இருக்கும்போது குடும்பம் பாரிஸுக்கு வந்தது. குடியிருந்த வீடு லூவ்ர் அரண்மனைக்குப் பக்கத்திலேயே. உலகத்தின் பெரிய ஓவியங்கள் இருந்த மியூசியம், இந்த ஏழைப் பையனுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி.

13 வயசுல ஒரு பீங்கான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தட்டு மேலயும் கப் மேலயும் பூ வரையணும். கை சுத்தமா ஓடணும், ஒரு கோடு தப்பினாலும் பொருள் வீண். நல்லா போய்க்கிட்டிருந்த வேலை நாலஞ்சு வருஷத்துல முடிஞ்சுபோச்சு. காரணம், டிசைனைப் பீங்கான்ல அச்சடிக்கிற மெஷின் வந்துடுச்சு. கையால் வரைபவர்கள் தேவைப்படவில்லை. ஆட்டோமேஷன் வேலையைத் தின்னும்னு இன்னைக்கு நாம பேசுறோம். ரெனுவாருக்கு அது 17 வயசுலயே நடந்தது.

அப்புறம் விசிறிகள் மேல படம் வரைந்தார், ஜன்னல் திரைகள் வரைந்தார், காசு சேர்த்தார். 1862-ல் பாரிஸின் அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். கூடவே க்ளேர் என்ற ஓவியரின் ஸ்டூடியோவிலும் பயின்றார். அங்கே கிடைத்த நண்பர்கள் மோனே, சிஸ்லே, பசீல். இந்த கேங்தான் பின்னாடி இம்ப்ரஷனிஸ்ட்டுகள்னு பெயர் வாங்கினது. 1874-ல் அவங்க முதல் கண்காட்சி வைத்தப்போ பத்திரிகைகளில் கேலியும் வந்தது. 1876-ல் வரைந்த மூலான் த லா கலெத் நடனம், 1881-ல் முடித்த படகு விருந்து, இந்த ரெண்டையும் ஆர்ட் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க கூட எங்கேயாவது காலண்டரில் பார்த்திருப்பாங்க. மரத்து நிழல் வழியா விழுற வெயில் துண்டுகளை மனுஷங்க முகத்துல, சட்டையில வரைந்து காட்டியவர் இவர்.

கையைப் பொறுத்தவரை இன்னொரு சம்பவமும் உண்டு. 1880-ல் கீழே விழுந்து வலது கை உடைந்தது. அவர் சும்மா உட்காரல. இடது கையால் வரைய ஆரம்பிச்சார். கை போனா வேற வழி பார்க்கலாம்ங்கிற பழக்கம் அப்பவே இருந்திருக்கு.

புகழும் நோயும் ஒரே வருஷம்

1892-ல் ரெனுவாருக்கு 51 வயசு. பாரிஸில் அவருடைய ஓவியங்களுக்கு மட்டுமே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. பியானோ முன்னாடி ரெண்டு பெண்கள் இருக்கிற ஓவியத்தைப் பிரான்ஸ் அரசாங்கமே வாங்கியது. வாழ்நாள் முழுக்கக் காசுக்குத் திண்டாடியவருக்கு ஒரு வழியா நல்ல காலம்.

மூட்டு வலி ஆரம்பிச்சதும் ஏறக்குறைய அதே வருஷம்தான்.

குடும்பத்துல எல்லாரும் வேற ஒரு நாளைத்தான் ஆரம்பம்னு நம்பினாங்க. 1897-ல், மனைவி அலினின் சொந்த ஊரான எஸ்ஸுவாவில், சைக்கிளில் போகும்போது சறுக்கி விழுந்து ரெனுவாருக்கு மறுபடி வலது கை உடைந்தது. அதுக்கப்புறம்தான் வலி வந்து ஒட்டிக்கிச்சுன்னு வீட்டுல பேச்சு. நம்ம வீடுகளிலும் இப்படித்தானே? அன்னைக்கு மாடிப்படியில விழுந்தா, அதுல இருந்துதான் இவளுக்கு மூட்டு வலின்னு சொல்லுவாங்க. ஆனா பிற்காலத்தில் மருத்துவர்கள் அவருடைய கடிதங்களையும் போட்டோக்களையும் வரிசையா வைத்துப் பார்த்தாங்க. 1997-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதைப் பத்தி ஒரு கட்டுரையே வந்தது. சைக்கிள் விபத்துக்கு முன்னாடியே நோய் தொடங்கியிருக்குன்னு அவங்க முடிவு பண்ணினாங்க.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கு. முடக்குவாதம் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டாது. பெரும்பாலும் வாரக்கணக்கா, மாசக்கணக்கா மெதுவா நுழையும். முதல்ல காலையில எழுந்ததும் கை விரல் மடங்காது. இந்தக் காலை நேர விறைப்புதான் பெரிய க்ளூ. வயசானதால் வருகிற மூட்டுத் தேய்மானத்துலயும் விறைப்பு உண்டு, ஆனா அது பொதுவா அரை மணி நேரத்துக்குள் விட்டுடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல நீடிக்கும். வேலை செய்யச் செய்ய கொஞ்சம் இளகும், ஓய்வா உட்கார்ந்தா மறுபடி இறுகும்.

அடுத்த க்ளூ, எந்த மூட்டுகள் என்பது. கை முட்டியில் விரல் தொடங்குற மூட்டு, விரலின் நடு மூட்டு, மணிக்கட்டு, கால் விரல்களின் அடி மூட்டு, இந்தச் சின்ன மூட்டுகளைத்தான் இது முதல்ல பிடிக்கும். நகத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடைசி மூட்டைப் பெரும்பாலும் விட்டுடும். வலது கைக்கு வந்தா அதே இடத்துல இடது கைக்கும் வரும். கூடவே களைப்பு, லேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு. இது வெறும் மூட்டுப் பிரச்சனை இல்லை, உடம்பு முழுக்க நடக்கிற சண்டை என்பதற்கு அதெல்லாம் அடையாளம்.

பெண்களுக்கு இது ஆண்களை விட ரெண்டு மூணு மடங்கு அதிகம் வரும். சிகரெட் பிடிப்பது ஆபத்தைக் கூட்டும்னு இப்போ உறுதியா தெரியும். ரெனுவார் நிறைய சிகரெட் பிடித்தவர். பிரகாசமான பெயின்ட்டுகளில் இருந்த கன உலோகங்களும் காரணமா இருக்கலாம்னு 1988-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ஒரு யூகம் சொன்னாங்க. அது யூகமாகவே நிற்குது.

கைக்குள்ளே என்ன நடந்தது?

மூட்டை ஒரு பேரிங்னு நினைச்சுக்கோங்க. ரெண்டு எலும்பு முனைகளிலும் வழவழப்பான குருத்தெலும்பு. அதைச் சுற்றி ஒரு உறை. உறையின் உள்பக்கம் சைனோவியம்னு ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வுதான் லூப்ரிகன்ட் மாதிரி ஒரு திரவத்தைச் சுரக்கும். நல்ல மூட்டில் உராய்வு ரொம்பக் குறைவு. நாம டிசைன் பண்ற பேரிங் எதுவும் தன்னைத்தானே பராமரிச்சுக்கிட்டு 70 வருஷம் ஓடாது.

முடக்குவாதத்தில் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி இந்தச் சவ்வை எதிரின்னு தப்பா நினைச்சுத் தாக்குது. சவ்வு வீங்குது, தடிக்குது, பக்கத்துல இருக்கிற குருத்தெலும்பு மேல படர்ந்து அதை அரிக்குது. அப்புறம் எலும்பையும் அரிக்குது. லூப்ரிகன்ட் தர வேண்டிய பாகமே பேரிங்கைத் தின்ன ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? அதுதான்.

அடுத்த கட்டம் நம்ம மெக்கானிக்ஸ் பேப்பர் மாதிரி. மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் வீக்கத்தால் தளர்ந்துடும். விரலை இழுக்கிற நரம்புக் கயிறுகள், அதாவது டென்டன்கள், தன்னோட பாதையில் இருந்து சுண்டு விரல் பக்கமா நழுவும். நழுவினதும் இழுவிசையின் திசை மாறும். நீங்க கையை மூடி எதையாவது பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விசை விரல்களை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும். விரல் சாயச் சாய விசையின் டார்க் அதிகமாகும், டார்க் அதிகமாக அதிகமாக விரல் இன்னும் சாயும். பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். தானா நிற்காது.

1890-களின் நடுவில் எடுத்த போட்டோக்களிலேயே ரெனுவாரின் கை முட்டிகளில் வீக்கம் தெரியும்னு மருத்துவர்கள் சொல்றாங்க. 1903 வாக்கில் நோய் வேகம் பிடித்தது. வலது தோள்பட்டை இறுகி அசையாமல் போனது. விரலையும் மணிக்கட்டையும் நிமிர்த்துகிற டென்டன்களில் சில அறுந்தே போயின. அரிக்கப்பட்ட எலும்பு விளிம்பு கரடுமுரடா இருக்கும், அதன் மேல கயிறு தினமும் உரசினா ஒரு நாள் அறும். அறுந்தா விரல் தொங்கிடும், எவ்வளவு நினைச்சாலும் நிமிராது. கடைசியில் அவருடைய கட்டை விரல்கள் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தன, மற்ற விரல்கள் மணிக்கட்டை நோக்கி மடங்கியிருந்தன. பீங்கான் கப் மேல பூ வரைந்த அதே கை.

மூட்டோடு நிற்காத நோய்

இந்த நோயைப் பத்தி நம்மில் பலருக்குத் தெரியாத பகுதி இதுதான். பெயர்ல மூட்டு இருந்தாலும் பாதிப்பு மூட்டோடு முடியாது. முழங்கை போல அழுத்தம் படும் இடங்களில் தோலுக்கு அடியில் கெட்டியான முடிச்சுகள் வரலாம். ரெனுவாருக்கு அது வந்தது. நுரையீரல் உறையில் நீர் கோக்கலாம், நுரையீரலே தடிக்கலாம். கண் வறண்டு போகலாம், கண்ணின் வெள்ளைப் பகுதியில் அழற்சி வரலாம். ரத்தச் சோகை சகஜம். எலும்பு பலமிழக்கும். கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்தால் தண்டுவடத்தையே அழுத்தும். ரத்தக் குழாய்களில் அழற்சி வரலாம். மாரடைப்பு அபாயமும் சாதாரண ஆட்களை விட அதிகம்.

இன்னொன்று, தசை கரைவது. உடம்புக்குள்ளே நிற்காமல் நடக்கிற அழற்சி தசையை எரித்துவிடும். ரெனுவார் ஒரு கட்டத்தில் 50 கிலோவுக்கும் கீழே இறங்கிட்டார். எலும்பு துருத்திக்கிட்டு நாற்காலியில் உட்காருவதே அவருக்கு வலி.

ஊர் ஊராகத் தேடிய வெந்நீர்

அவர் வைத்தியம் பார்க்காமல் இல்லை. அந்தக் காலத்தில் கொடுக்க ஒன்றும் பெரிசா இல்லை, அவ்வளவுதான். வலிக்கு ஆன்ட்டிபைரின்னு ஒரு மாத்திரை. ஆஸ்பிரின் மார்க்கெட்டுக்கு வந்ததே 1899-ல். டாக்டர்கள் சொன்னபடி வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போனார். எக்ஸ்-லே-பேன், பூர்போன்-லே-பேன், இப்படி. குளித்தார், திரும்பினார், நோய் அதன் பாட்டுக்குப் போனது.

குளிரில் வலி அதிகமானதால் பிரான்ஸின் தெற்குக் கடற்கரைப் பக்கம் போக ஆரம்பித்தார். 1907-ல் கான்யே என்ற ஊரில் லே கொலெத் என்ற தோட்டத்தை வாங்கினார். அங்கே இருந்த பழைய ஆலிவ் மரங்களை வெட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டு, அதைக் காப்பாற்றத்தான் வாங்கினார்னு சொல்வாங்க. அடுத்த வருஷம் அங்கே வீடு கட்டிக் குடிபோனாங்க. தோட்டத்துக்குள்ளேயே கண்ணாடி வைத்த ஒரு ஸ்டூடியோவும் போட்டார்.

கை இறுகிடக் கூடாதுன்னு அவரே கண்டுபிடித்த பிசியோதெரபியும் உண்டு. தினமும் காலையில் மூணு சின்ன தோல் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற ஜக்ளிங். பந்து கையில் நிற்காமல் போனதும், கயிற்றில் கட்டிய பந்தைக் குச்சியில் பிடிக்கிற பில்போக்கே விளையாட்டு. அதுவும் முடியாமல் போனதும், ஒரு சின்ன மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவர் விளையாட்டை மாற்றிக்கிட்டே வந்த வரிசையைப் பார்த்தாலே நோய் எந்த அளவுக்கு முன்னேறியதுன்னு கிராஃப் போடலாம்.

கையை மாற்ற முடியாது, வேலையை மாற்றலாம்

இப்போ அந்தத் துணிக்கு வருவோம். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் போனதால் நகம் தோலில் குத்தும். வியர்வையில் உள்ளங்கைத் தோல் ஊறிப் புண்ணாகும். அதைத் தடுக்கத்தான் உள்ளங்கையில் மெல்லிய லினன் துணி வைத்துக் கட்டினாங்க. பிரஷ்ஷைக் கட்ட இல்லை. பிரஷ்ஷை ஒருத்தர் எடுத்து அவர் விரல்களுக்கு நடுவில் வைப்பாங்க. அதுக்கப்புறம் பிடிக்கிறதும் வரைகிறதும் அவர்தான். 1915-ல் சாஷா கித்ரி என்பவர் எடுத்த ஒரு படத்தில் இதைப் பார்க்கலாம். பக்கத்தில் அவருடைய கடைசி மகன் நிற்கிறான். ரெனுவார் சிகரெட் பிடிச்சுக்கிட்டே, நல்ல வேகத்தில் வரைகிறார். பரிதாபப்பட வைக்கிற காட்சியே இல்லை அது.

பிரச்சனை பிரஷ் மட்டும் இல்லை. தோள்பட்டை அசையாத ஒருத்தரால் பெரிய கேன்வாஸின் மேல் மூலைக்குக் கையைக் கொண்டுபோக முடியாது. எழுந்து நிற்கவும் முடியாது. அப்போ என்ன பண்ணலாம்? சின்னப் படமா வரைஞ்சுக்கலாம்னு விட்டிருக்கலாம். அவர் விடல. ஈஸல் ஸ்டாண்டையே மாற்றினாங்க. மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை. நடுவில் ஓடுகிற பட்டையில் கேன்வாஸைப் பொருத்திடுவாங்க. பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றினா கேன்வாஸ் மேலேயோ கீழேயோ நகரும். எந்த இடத்தில் வரையணுமோ அந்த இடம் அவர் கைக்கு நேரா வந்து நிற்கும்.

இதைப் படிச்சப்போ எனக்கு மில்லிங் மெஷின்தான் ஞாபகம் வந்தது. டூல் நிலையா இருக்கும், டேபிள் நகரும். பீங்கான் வேலையை மெஷினிடம் பறிகொடுத்தவர், 60 வயசுக்கு மேல் தன் கை எட்டும் தூரத்தை ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டா எடுத்துக்கிட்டு, அதைச் சுற்றி ஒரு மெஷினைப் போட்டார். கலர் பலகையையும் மடியில் சாய்த்து வைத்துக்குவார். கலர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். தோட்டத்துக்குப் போகணும்னா நாற்காலியோட தூக்கிப் போவாங்க.

அப்படியே இன்னொரு விஷயமும் கவனிக்கணும். பிரஷ்ஷைக் கையில் வைத்தது யார், கேன்வாஸைச் சுற்றியது யார், துணி மாற்றியது யார், நாற்காலியைத் தூக்கியது யார்? அலின், பிள்ளைகள், அலினின் உறவுக்காரப் பெண்ணான கேப்ரியேல், வீட்டு வேலைக்கு வந்தவங்க, மாடலா உட்கார வந்த பெண்கள். போஸ்ட்ல தனி ஒரு ஆளின் மன உறுதியா காட்டினாங்களே, அது உண்மையில் ஒரு வீடே சேர்ந்து நடத்திய வேலை.

நடக்க முடிந்தும் நடக்காத நாள்

1912-க்கு அப்புறம் ரெனுவாரால் நடக்கவே முடியல. பாரிஸில் ஒரு டாக்டர் வந்து, உங்களை நடக்க வைக்கிறேன்னு உறுதி கொடுத்தார். சத்தான சாப்பாடு, பயிற்சின்னு சில வாரம். கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு நாள் டாக்டர் அவரைத் தூக்கி நிறுத்தி விட்டார். வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. ரெனுவார் ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார். ஈஸலைச் சுற்றி நடந்து மறுபடி நாற்காலிக்கே வந்தார்.

அப்புறம் டாக்டரிடம் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இந்த நாலு அடிக்கே என்னோட மொத்த சக்தியும் போயிடுது. நடக்கிறதா, வரையறதான்னு கேட்டா நான் வரையறதை எடுத்துக்கிறேன். உட்கார்ந்தவர் அதுக்கப்புறம் எழுந்து நடக்கவே இல்லை.

முதல் தடவை படிச்சப்போ எனக்கு இது கோபமாதான் இருந்தது. நடக்க வர்றவர் ஏன் விடணும்? அப்புறம் யோசிச்சா புரியுது. இந்த நோயில் களைப்புங்கிறது சோம்பேறித்தனம் கிடையாது, நோயின் பாகம். ஒரு நாளைக்குக் கிடைக்கிற சார்ஜ் அவ்வளவுதான். எதுக்குச் செலவு பண்ணணும்னு முடிவு பண்ற உரிமை அந்த ஆளுக்குத்தான் இருக்கு. நம்ம வீட்டில் முடக்குவாதம் இருக்கிற ஒருத்தர் கல்யாணத்துக்கு வரலைன்னு சொன்னா, அன்னைக்குக் காலையில் குளிச்சுத் தலை வாரவே அந்த சார்ஜ் தீர்ந்திருக்கலாம்.

சிலையில் யார் பெயர்?

1913-ல் ஓவிய வியாபாரி வொல்லார், ரெனுவாரைச் சிலை செய்யச் சொன்னார். களிமண்ணைப் பிசையவே முடியாத கை. அதனால் ரிச்சர்ட் கினோ என்ற இளம் சிற்பியைக் கூட சேர்த்தாங்க. ரெனுவார் பக்கத்தில் உட்கார்ந்து இங்கே கூட்டு, அங்கே குறைன்னு சொல்லுவார், கினோ செய்வார். வீனஸ் விக்ட்ரிக்ஸ் உள்பட பல சிலைகள் 1918 வரை இப்படி வந்தன.

உலகம் ரொம்ப காலம் இதை ரெனுவாரின் சிலைகள்னு மட்டும்தான் சொல்லிச்சு. 1973-ல்தான் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் கினோவும் சம பங்குள்ள படைப்பாளின்னு உறுதி செய்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யார் பெயர் முதல்ல வரணும்னு சண்டை போட்டவங்களுக்கு இந்த வலி புரியும்.

கடைசி வருஷங்கள்

முதல் உலகப்போர் வந்தது. மூத்த மகன் பியர், ரெண்டாவது மகன் ஜான், ரெண்டு பேரும் சண்டையில் காயப்பட்டாங்க. ஜானைப் பார்க்க அலின் ஆஸ்பத்திரிக்குப் பயணம் போனார். திரும்பி வந்த கொஞ்ச நாளில், 1915 ஜூனில், அவர் இறந்துபோனார். ரெனுவாரை விட 18 வயசு சின்னவர். தன்னை இத்தனை வருஷம் கவனிச்சவர் முன்னாடி போயிட்டார். அதன் பிறகும் ரெனுவார் நாற்காலியில் இருந்தபடி வரைந்தார்.

பெரிய ஓவியமான குளிக்கும் பெண்கள் 1918-லும் 1919-லும் வரைந்தது. அகலம் 160 சென்டிமீட்டர், உயரம் 110. அந்த ஓவியத்தைத் தேடிப் பாருங்க. வலி அதில் எங்கேயும் இல்லை. ரோஜா நிறம், வெயில், பச்சை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கிற பார்ன்ஸ் மியூசியத்தில் மட்டும் ரெனுவார் ஓவியங்கள் 181 இருக்கு. அதில் நிறைய இந்தக் கடைசிக் காலத்தில் வரைந்தவை. அந்தக் காலத்து ஓவியங்கள் எல்லாமே சூப்பர்னு விமர்சகர்கள் ஒத்துக்கறதில்லை, அதையும் சொல்லிடணும்.

1919-ல் லூவ்ர் அவரை அழைத்தது. அவர் வரைந்த மேடம் ஷார்ப்பான்ட்டியேயின் ஓவியம் அங்கே மாட்டப்பட்டிருந்தது. சின்ன வயசில் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த ஹால்களைச் சுற்றிப் பார்த்தார். அதே வருஷம் டிசம்பர் 3-ம் தேதி கான்யேயில் இறந்தார். வயசு 78.

மகன் ஜான் பின்னாடி பெரிய சினிமா இயக்குநர் ஆனார். தி ரிவர் படம் எடுக்க அவர் வங்காளத்துக்கு வந்தப்போ லொகேஷன் தேட உதவிய இளைஞர்தான் சத்யஜித் ரே. அப்பாவின் கையைப் பத்தி இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சதில் பாதி, ஜான் 1962-ல் வெளியிட்ட புத்தகத்தால் தெரிஞ்சது.

மன உறுதியால் முடியாதது

இவ்வளவும் எழுதினதுக்குக் காரணம் ஒண்ணுதான். ரெனுவாரிடம் மன உறுதிக்குக் குறைச்சலே இல்லை. பணம் இருந்தது, கவனிக்க ஆள் இருந்தாங்க, தினமும் உடற்பயிற்சி, வெயில், நல்ல காற்று எல்லாம் இருந்தது. அப்படியும் நோய் மூட்டுகளை விட்டு வைக்கல. மன உறுதி அவரை வரைய வைத்தது. டென்டன் அறுவதை அது தடுக்கல.

தடுக்கிற மருந்து அவருக்கு அப்புறம்தான் வந்தது. 1929-ல் ஜாக் ஃபாரெஸ்டியே என்ற டாக்டர் தங்க உப்பு ஊசியைப் பத்தி எழுதினார். அவர் வேலை பார்த்த ஊர், ரெனுவார் வெந்நீரில் குளித்த அதே எக்ஸ்-லே-பேன். 1948-ல் கார்ட்டிசோன் வந்தது. இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ரவுல் தூஃபிக்கும் இதே நோய். அவர் 1950-ல் பாஸ்டனுக்குப் போய் அந்தப் புது சிகிச்சை எடுத்து, மறுபடி நடந்தார், தன் பெயின்ட் டியூபைத் தானே பிதுக்கினார். பக்க விளைவுகளும் கூடவே வந்தன. புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டைச் சின்ன அளவில் இந்த நோய்க்குக் கொடுக்க அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. இன்னைக்கு உலகம் முழுக்க முதல் மருந்து பெரும்பாலும் அதுதான், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். 1998-க்கு அப்புறம் அழற்சியைத் தூண்டுகிற குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் தடுக்கிற பயாலஜிக் மருந்துகளும் வந்தாச்சு.

இந்த மருந்துகள் அழியாமல் இருக்கிற மூட்டைத்தான் காப்பாற்றும். அரிச்சுப்போன எலும்பைத் திருப்பித் தராது. அதனால முதல் சில மாசங்கள்தான் முக்கியம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ரெண்டு கையிலும் ஒரே இடத்தில் வீக்கம், ஆறு வாரம் ஆகியும் போகலைன்னா, வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காம ருமட்டாலஜி டாக்டரைப் பார்க்கணும். ஒரு ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்தாலே நோய் இல்லைன்னு முடிவு பண்ணிடவும் கூடாது, சிலருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாவே இருக்கும். இது தாத்தா பாட்டி நோய் மட்டும் இல்லை, நம்ம வயசுலயும் வரும். காலையில் பால் பாக்கெட்டைக் கூடப் பிரிக்க முடியாம அம்மா கையை உதறிக்கிட்டு நின்னா, வயசாயிடுச்சும்மான்னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீங்க. எவ்வளவு நேரம் விறைப்பா இருக்குன்னு ஒரு கேள்வி கேளுங்க.

அந்தப் போஸ்ட் இந்த செமஸ்டரும் குரூப்ல வரும்னு நினைக்கிறேன். வந்தா, அவர் கையில் இருந்த துணி எதுக்குன்னு நான் கீழே எழுதப் போறேன்.